பௌர்ணமியும் மற்ற நாட்களும்

அடி அண்ணாமலையில் இரண்டு விதமான ஆட்கள் நடக்கிறார்கள். ஒருவன் பௌர்ணமியன்று மலையைச் சுற்றி வருபவன். 14 கிலோமீட்டர், செருப்பில்லாமல், தானே விரும்பி நடக்கிறான். மற்றவள் அந்த ஊர்ப் பெண். மலைக்கு மறுபுறம் இருக்கிற டவுனுக்கு வேலைக்குப் போக வேண்டும். பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் நடை. முதலாமவன் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ காரில் வந்து இறங்கியவனாக இருக்கலாம். அவள் வருஷம் முழுக்கப் போய்வந்தாலும் அவள் பங்குக்கு எரியாத எண்ணெயை அவன் அந்த ஒரு பயணத்தில் எரித்திருக்கக்கூடும். ஆனால் நடையின் புண்ணியம் அவன் கணக்கில்தான் ஏறுகிறது. அவள் நடப்பதை நாம் நடை என்றுகூட எண்ணுவதில்லை.

கரியமில வாயுவைக் குறைப்பது பற்றி இன்று எழுதப்படுவதில் பெரும்பகுதி இந்தப் புண்ணியக் கணக்கின் மறுபதிப்பு. காரை விடு, பஸ்ஸில் ஏறு, சைக்கிள் ஓட்டு என்று உபதேசம். கேட்பவனுக்குத் தேர்வு இருக்கிறது என்று உபதேசம் எண்ணிக்கொள்கிறது. ‘செய்ய வேண்டும்’ என்று ஒருவனிடம் சொல்வதற்கு அவனால் ‘செய்ய முடியும்’ என்பது முன்நிபந்தனை. இந்தக் கொள்கையைக் காண்ட் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அதைப் புரிந்துகொள்ளக் காண்ட் தேவையில்லை. நடைபாதை இல்லாத சாலையில், லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒருவனை நடக்கச் சொல்வதில் தார்மீகம் எதுவும் இல்லை. அதேபோல், வேறு வழியில்லாமல் நடப்பவளைச் சிக்கனத்தின் உதாரணமாக்கிப் பாராட்டுவதும் கொடுமை. அவள் மகன் முதல் சம்பளத்தில் முன்பணம் கட்டி மோட்டார் சைக்கிள் வாங்கினால், அவனைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்யதை இருக்கிறது? நான் வேலை பார்க்கும் வங்கியில் அவனுக்கு வாகனக் கடன் படிவம் தயாராக இருக்கிறது. அரை மணிக்கு ஒரு பஸ் வேண்டும் என்று அவன் நிரப்பிக் கொடுக்க எந்த மேஜையிலும் படிவம் கிடையாது.

ஆகவே கேள்வி தனிமனித குணத்தைப் பற்றியதல்ல. குணம் என்று நாம் நினைப்பதே பல சமயம் ஏற்பாட்டின் விளைவு. டச்சுக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள் பிரியர்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. யுத்தத்துக்குப் பிறகு அங்கேயும் கார்தான் தெருக்களைப் பிடித்துக்கொண்டது. சைக்கிள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டு வந்தது. 1970களின் தொடக்கத்தில், சாலையில் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்காகப் பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது அரசு சில ஞாயிற்றுக்கிழமைகள் கார்களை நிறுத்தி வைத்தது. பின்பு பல ஆண்டுகள் அரசும் நகராட்சிகளும் பணம் போட்டுத் தனிப்பாதைகள் அமைத்தன. இப்போது நாம் வியக்கும் அந்தத் தேச குணத்துக்கு வரவு செலவுக் கணக்கு உண்டு.

இங்கே ஆட்சியின் பதில் ‘முடியாது’ என்பது. சாலையை அடைக்க முடியாது, காரைத் தடுக்க முடியாது, இத்தனை பஸ் விட முடியாது. திருவண்ணாமலையில் மாதம் ஒருமுறை இந்தப் பதில் பொய்யாகிறது. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் வாகனங்களைத் தடுக்கிறார்கள். செங்கம் சாலையின் போக்குவரத்தையே திருப்பி விடுகிறார்கள். கார்த்திகை தீபத்தின்போது ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையங்கள், ஆயிரக்கணக்கில் சிறப்புப் பேருந்துகள், குடிதண்ணீர், கழிப்பறை, விளக்கு. கலெக்டர், போலீஸ், போக்குவரத்துக் கழகம், மாநகராட்சி, கோவில் நிர்வாகம் எல்லாம் ஒரே மேஜையில் உட்காருகின்றன. லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். நகரம் நின்றுபோவதில்லை. நடப்பவர்களுக்காக ஒரு சாலையை ஒழித்துக் கொடுக்கத் தேவையான அறிவும் ஆளும் அதிகாரமும் இந்த நிர்வாகத்திடம் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டாம்.

ஆனால் யாருக்காக ஒழிக்கிறார்கள்? நடப்பவனுக்காக அல்ல, பக்தனுக்காக. சாலை அவனுக்குக் கிடைப்பது கால் இருப்பதால் அல்ல, விரதம் இருப்பதால். மறுநாள் காலை தடுப்புகள் போய்விடுகின்றன. அதே பாதையில் வேலைக்குப் போகிறவள் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1974இல் தொடங்கி ஞாயிறு காலைகளில் முக்கியச் சாலைகளைக் காருக்கு மூடி, நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் விடுகிறார்கள். இன்று அது நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே சுற்றி வரச் சாமி இல்லை. நடப்பது என்ற காரணமே போதுமானதாக இருக்கிறது.

நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 2006இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையின் இடத்தை மனிதர்களை மனதில் வைத்துப் பங்கிடச் சொன்னது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்றே ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதமாவது நடைக்கும் சைக்கிளுக்கும் என்று எழுதி வைத்தது. எழுதி வைத்ததும் நடப்பதும் வேறு என்பதற்கு அந்த நகரத்துத் தெருக்களே சாட்சி. நடையையே புகழாகக் கொண்ட ஊரிலும் இதுதான் நிலைமை. 2010களில் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது, விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வெறுங்காலோடு நடப்பவனுக்கு வேண்டியது நிழல். அகலம் வாகனத்தின் தேவை. எந்தத் தேவை திட்டம் போட்டவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பஸ்ஸுக்கு வருவோம். 1972இல் தமிழக அரசு பெரிய கம்பெனிகளின் பஸ்களை எடுத்துக்கொண்டு பல்லவன், பாண்டியன், சேரன் என்று கழகங்கள் அமைத்தது. லாபமில்லாத கிராமத்துக்கும் பஸ் போக வேண்டும் என்ற கடமை அதோடு வந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு கணக்கிட்டது. இந்த இரண்டு முடிவுகளிலும் கரியமில வாயு நோக்கமாக இருக்கவில்லை. ஆனால் டவுனுக்குப் போகிறவளை பஸ்ஸில் வைத்திருப்பவை இவையே. மோட்டார் சைக்கிளின் அனுகூலங்களைப் பற்றி எத்தனை விளம்பரம் வந்தாலும் இலவச டிக்கெட்டோடு அது போட்டி போட வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். விளைவு நல்லதாக இருக்கும்போது நோக்கத்தை ஏன் கிளற வேண்டும்? ஆகாயம் யாருடைய மனதையும் விசாரிப்பதில்லை. தனிமனிதன் விஷயத்தில் இது சரி. பக்தியால் நடந்தாலும் வறுமையால் நடந்தாலும் புகை ஒன்றுதான். அரசின் விஷயத்தில் சரியில்லை. அரசின் நோக்கமே அந்தக் காரியம் நாளைக்கும் நடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. 2022இல் பெண்கள் ‘ஓசி’யில் போகிறார்கள் என்று ஒரு அமைச்சரே மேடையில் பேசினார். அது வாய் தவறியதாக இருக்கலாம். ஆனாலும் அந்தச் சொல் எங்கோ தயாராக இருந்தது. தான் செய்ததைத் தானமாகவே புரிந்துகொள்ளும் அரசு, கஜானா மெலிந்தால் தானத்தை நிறுத்தும். பொது நிலத்தில் நாளெல்லாம் சும்மா நிற்கும் காரை யாரும் ஓசி என்று சொல்வதில்லை. அந்த இடத்துக்கும் விலையுண்டு. அது உரிமை என்று வழக்கமாகிவிட்டதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

1991–92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலாராணி சுங்கத் அதற்குப் பின்பலமாக இருந்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனும் ஏற்பாடாயிற்று. பல்லாயிரம் பெண்கள் ஓட்டினார்கள். அவர்கள் பேசியது சிக்கனத்தைப் பற்றியோ தானத்தைப் பற்றியோ அல்ல. யாருக்காகவும் காத்திராமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் போய்வருவதைப் பற்றி. நிர்வாகத்தின் நோக்கமும் பயனாளியின் விருப்பமும் ஒரே இடத்தில் சந்தித்த அபூர்வ சந்தர்ப்பம் அது. அங்கும் புகை பற்றி யாரும் பேசவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். புகையைக் குறைக்கும் ஏற்பாடு முதலில் போக்குவரத்தை உரிமையாக்கும் ஏற்பாடாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அடி அண்ணாமலையில் இது சின்ன விஷயமாகவே தொடங்கலாம். பௌர்ணமிக்குக் கூடுகிற அதே அதிகாரிகள் இன்னொரு நாள் கூடி, வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, இரவில் எந்த இடத்தில் விளக்கில்லை என்று கேட்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.