கையொப்பமா, கருத்தா?

கவிஞர் ஒருவரிடம் கையெழுத்துக் கேட்பது குற்றமா? குற்றந்தான் என்றார் ஒரு கவிஞர். உலகத்துத் தீமைகள் அத்தனைக்கும் இந்தக் கையெழுத்து மோகத்தோடு உறவுண்டு என்றே சீறினார். அவர்தான் ஆல்பிரட் டென்னிசன். 1850-இல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரானவர்.

அவர் சினத்துக்குக் காரணம் உண்டு. 1840-இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அஞ்சல் மலிந்தது, வேண்டுகோள்களும் மலிந்தன. 1853-இல் வைட் தீவுக்குக் குடிபெயர்ந்தார். கூட்டம் அங்கும் விடவில்லை. 1868-இல் வேறிடத்தில் கோடை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். வந்து குவிந்த கடிதங்களுக்குப் பெரும்பாலும் மனைவி எமிலியே மறுமொழி எழுதினார். கவிஞரின் எழுத்தை நாடியவர்க்குக் கவிஞர் மனைவியின் எழுத்து!

பெரியோரின் கடிதங்களையும் கதைகளையும் துருவுவது, பன்றியின் வயிற்றைக் கிழித்து ஊராருக்குக் காட்டுவதற்கு ஒப்பு என்றாராம். ஷேக்ஸ்பியரைப் பற்றி அவருடைய எழுத்தன்றி வேறேதும் அறியாததற்காகக் கடவுளுக்கு நன்றியும் சொன்னாராம். அண்டை வீட்டில் வாழ்ந்த, பின்னாளில் புகைப்படக் கலையில் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் தம் கடிதமொன்றில் இதைக் குறித்து வைத்தார்.

சினத்தை நீக்கிச் சிந்தனையை எடுத்துக்கொள்வோம். ஷேக்ஸ்பியரின் கையொப்பமென ஏற்கப்பட்டவை ஆறே ஆறு. வழக்கு, வீட்டுப் பத்திரம், உயில் ஆகிய தாள்களில் இருப்பவை. அவை தீக்கிரையானாலும் ‘மாக்பெத்’தில் ஓர் எழுத்துக் குறையுமா? ஆனால், 1623-இல் அவர் நாடகங்கள் ஒரே நூலாக அச்சேறாதிருந்தால், அதுவரை அச்சு காணாத 18 நாடகங்கள் அழிந்தே போயிருக்கலாம். அப்போது அந்த ஆறு கையொப்பங்களால் யாருக்கு என்ன பயன்? புனிதரின் எலும்பைப் பேழையில் வைத்துப் போற்றுவது மூடத்தனம் என்போம். புலவரின் மைத்துளியைப் போற்றினால் மட்டும் அது பகுத்தறிவாகிவிடுமா?

ஆயினும், டென்னிசனிடமும் நமக்கு வழக்குண்டு. 1824-இல் பைரன் மாண்ட செய்தி கேட்டு, ஊரருகே காட்டுப் பாறையில் அச்செய்தியைச் செதுக்கிய 14 வயதுச் சிறுவன் யார்? இதே டென்னிசன்தான்! அன்பு, கைக்கு எட்டும் அடையாளம் ஒன்றைத் தேடும் என்பதை அவர் அறிவார். அறிந்தவர் சற்றே பொறுத்திருக்கலாம். துண்டுத்தாளில் பெயரெழுதத் தயங்கியவர், 1884-இல் அந்தப் பெயரோடு பிரபுப் பட்டத்தைச் சேர்த்துக்கொள்ளத்தான் செய்தார்.

சொன்னவரிடம் குறை, அதனால் சொல் பொய்யாகுமா? ஆகாது. சொன்னவரைப் பாராது சொன்னதன் மெய்ம்மையைப் பார் என்பதன்றோ வள்ளுவர் வகுத்த அளவுகோல்! பாறையில் செதுக்கிய சிறுவன் பைரனின் கவிதையில் தோய்ந்தவன். ஏடு நிறையக் கையொப்பம் சேர்ப்பவர் தோய்ந்தது எதில்?

வினாவை நம்மீதே திருப்புவோம். கல்லூரி நாட்களில், கூட்டம் முடிந்ததும் முண்டியடித்துச் சென்று அறிஞர் ஒருவரிடம் கையொப்பம் பெற்றோம். அந்த ஏடு இன்றும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அன்று அவர் பேசியது என்ன? ஒரு சொல்லும் நினைவில் இல்லை. வெட்கம்!

இளைஞனே, கையெழுத்துக் கேள், தடையில்லை. ஆனால், ஏட்டை நீட்டுமுன் அவர் எழுதிய நூலைப் படித்திரு. அவர் பெயர் உன் தாளில் இருந்து பயனில்லை. அவர் கருத்து உன் வாழ்வில் இருக்கட்டும்!