நுரைக்கு எத்தனை பெயர்?

முகத்தில் பூசும் நுரையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நீங்கள் சிரிக்கலாம். சில மாதங்களுக்கு முன்னால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்த நுரையின் பொருட்டு ஒரு முதியவரை நாலு பேர் முன்னிலையில் தலைகுனிய வைத்துவிட்டேன். அன்று முதல் ஒரு கேள்வி என்னை விட்டபாடில்லை. ஒரு பொருளின் குணத்தைச் சொல்லும் சொல் தெரிந்துவிட்டால், அந்தப் பொருளே தெரிந்துவிட்டதாக ஆகுமா?

வெளிநாட்டிலிருந்து வந்த என் மைத்துனர் ஒரு சவரச் சோப்பைப் பரிசாகக் கொடுத்தார். கூடவே பாடமும் நடத்தினார். நுரையில் பெருக்கம் வேறு, அடர்த்தி வேறு. கத்திக்கும் தோலுக்கும் நடுவே தாங்கி நிற்பது 'மெத்தை'. கத்தியை இழுபடாமல் ஓடவிடுவது 'வழுக்கு'. நுரையை வழித்தெடுத்த பிறகும் தோலில் கொஞ்சம் வழுக்கு மிஞ்சுமே, அதற்கும் தனிப் பெயர் உண்டாம். எழுதிப் பிழைப்பவனுக்குப் புதுச் சொற்கள் கிடைத்தால் கேட்க வேண்டுமா? நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கோவையில் நான் வழக்கமாகப் போகும் சலூனை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். தகப்பனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரிடமே முகத்தைக் கொடுக்கும் பழைய வாடிக்கைக்காரர்கள் நாலைந்து பேர்தான் மிச்சம். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் நுரை பூசியதும் கண்ணாடியில் பார்த்தேன். மெல்லியதாக, ஈரமாக, பளபளவென்று இருந்தது.

"என்னங்கய்யா, அடர்த்தியே காணோமே! மெத்தை இல்லாமல் கத்தி வைத்தால் முகம் என்னத்துக்கு ஆகும்? கை தளர்ந்து போச்சுங்களா?" என்றேன்.

கடை முழுவதும் கேட்டுவிட்டது. "அப்பா, நீங்க உக்காருங்க. நான் பார்த்துக்கறேன்" என்றான் மகன். நெடுநாளாகச் சொல்ல நினைத்ததை அன்று என் தயவில் சொல்லிவிட்டான் என்று பட்டது.

பெரியவர் ஒரு கணம் தலையைக் குனிந்தார். ஆனால் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. "கண்ணுக்குப் பத்தலீங்க தம்பி. கன்னத்துக்குப் பத்துதான்னு பார்த்துப்போட்டுச் சொல்லுங்க" என்றார். வலது கன்னத்தை அப்படியே விட்டார். இடது கன்னத்துக்கு மட்டும் நீரைக் குறைத்துச் சோப்பைக் கூட்டி, வெண்ணெய் போல நுரையை ஏற்றினார். நான் கேட்ட அடர்த்தி அதுதான். பார்க்க வெகு அழகாக இருந்தது.

இரண்டு பக்கமும் வழித்தபின் படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்தார். வலது கன்னம் குளிர்ந்தது. இடது கன்னம் தீயாய் எரிந்தது.

"படிகாரம் மூஞ்சி பார்த்துப் பேசாதுங்க" என்றார் பெரியவர்.

பிறகுதான் விளக்கினார். வழுக்கைத் தருவது நீர். நீர் போதாத நுரை கெட்டியாக நிற்கும், கத்தியோ இழுபடும். "ஊட்டுல எந்தத் தண்ணிங்க?" என்று கேட்டார். போர் தண்ணீர் என்றேன். சிரித்துக்கொண்டார். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் திரித்துவிடும். நுரைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். சிறுவாணி மென்னீர், அதில் அதே சோப்பு தாராளமாக நுரைக்கும். வீட்டில் நான் 'மட்டமான சோப்பு' என்று வைததெல்லாம் ஆழ்குழாய்க் கிணற்றைச் சேர வேண்டிய வசவு! ஆக, 'நல்ல நுரை' என்ற குணம் சோப்புக்கு மட்டும் சொந்தமில்லை. நீரும் பிரஷ்ஷும் கையும் கன்னமும் அதில் பங்காளிகள்.

வீட்டுக்கு வந்து நன்னூலைப் புரட்டினேன். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடும் பவணந்தி முனிவர், 13-ஆம் நூற்றாண்டிலேயே தொடு உணர்ச்சிக்கு 'ஊறு' என்று பெயர் சொல்லி, அதை எட்டாக வகுத்திருக்கிறார். வழுவழுப்புக்கு 'இழுமெனல்' என்றும், சொரசொரப்புக்குச் 'சருச்சரை' என்றும் அதில் இடம் உண்டு. வண்ணத்தையும் வடிவத்தையும் அவர் வேறாக வைத்தார். இவற்றை வேறாக வைத்தார். என் பிழை அங்கேதான் விளங்கியது. கன்னம் சொல்ல வேண்டிய சாட்சியத்தைக் கண்ணிடம் கேட்டிருக்கிறேன்!

அப்படியானால் சொற்கள் வீணா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மைத்துனர் சொன்ன பெயர் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கன்னம் உணர்ந்து, பிறகு வாய் சொன்னதுதான். அந்தப் பெயர்கள் இல்லாவிட்டால், ஒரு கன்னம் ஏன் குளிர்ந்தது, மறு கன்னம் ஏன் எரிந்தது என்று எனக்கே சொல்லத் தெரிந்திராது. இரவல் வாங்கிய சொல்லை என் தோலில் சோதிக்கும் முன்பே இன்னொருவர் கையின் மீது தீர்ப்பாக எழுதினேனே, குற்றம் அதில்தான் இருக்கிறது. தெரிந்தவரிடம் சொல் இல்லாமல் போகலாம். சொல் இருப்பவன் தெரிந்தவனாகிவிட முடியாது. கதைகளைப் பற்றி நாங்கள் எழுத்தாளர்கள் வழங்கும் 'ஆழம்', 'அடர்த்தி' என்ற பட்டங்களையும் இனிமேல் கொஞ்சம் படிகாரம் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு கடையில் கூட்டம் இருந்தது. எல்லார் காதிலும் விழும்படியாகவே சொன்னேன்: "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்கய்யா. உங்க நுரைதான் சரி."

மகன் ஒன்றும் பேசவில்லை, சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெரியவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தலையை ஆட்டாதீங்க தம்பி, கத்தி வெச்சிருக்கறேன்" என்றார்.