கற்பூரச் சத்தியம்

ஓட்டுக்குக் காசு வாங்கினவர், கொடுத்தவருக்கே ஓட்டுப் போடுவதுதான் தர்மமா? சட்டம் படித்தவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை என்று முடித்துவிடுவார்கள். என்னிடம் வருகிறவர்கள் சட்டம் கேட்டு வருவதில்லை. பூதலூர் பக்கம் ஓர் அய்யனார் கோயிலில் பூசை வைக்கிறவன் நான். அப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்த முறை. "சத்தியம் பண்ணிட்டேன், மாத்திப் போட்டா சாமி குத்தம் ஆயிடுமா?" இதுதான் அவர்கள் கேட்பது.

புது ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடவு வேலைக்குப் போகிற ஒரு பெண், ஓட்டுப் பதிவுக்கு முந்தின நாள் விடியற்காலையில் வந்தாள். இரண்டு நாளைக்கு முன் ராத்திரி, கையில் வாக்காளர் பட்டியலோடு வந்தார்களாம். பெயரை டிக் அடித்து, தலைக்கு ஐந்நூறு எண்ணிக் கொடுத்து, தாம்பாளத்தில் கற்பூரம் கொளுத்தி அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் அடுத்த கட்சி. அவர்களிடம் கற்பூரம் இல்லை. பேரன் தலையில் கை வைக்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டு கவரும் மடியில் இருந்தன.

"பூக்கட்டிப் பாருங்கண்ணே. வெள்ளை வந்தா இவுங்களுக்கு, செவப்பு வந்தா அவுங்களுக்கு."

"ரெண்டு பேருகிட்டயும் ஏன் தங்கச்சி வாங்குன?"

"வேணாம்னா எதிர்க்கட்சின்னு எழுதிக்கிறானுவ. ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிட்டேன். ஒருத்தருக்காவது உண்மையா இருந்துட்டுப் போறேனே."

பேராசை பிடித்தவள் என்றால் காசை முடிந்துகொண்டு பேசாமல் இருந்திருப்பாள், விடியலில் கோயிலுக்கு வந்திருக்க மாட்டாள். ஓட்டுக் காசு ஏழையின் ஆசையை விலைக்கு வாங்குகிறது என்று பட்டணத்தில் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை அது வாங்குவது ஏழையின் நாணயத்தை. மறைப்புக்குள்ளே எந்தப் பொத்தானை அழுத்தினாள் என்று கொடுத்தவனுக்குத் தெரிய வழியில்லை. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டமே இருக்கிறது. அப்படியும் கொடுக்கிறான் என்றால், வாங்கினவள் வாக்குத் தவறமாட்டாள் என்ற நம்பிக்கைதான். உள்ளே போய் மேற்பார்வை பார்க்க அய்யனாரை அமர்த்திக்கொள்கிறான், அதுவும் கூலி இல்லாமல்.

என் அக்காள் மகன் தஞ்சாவூரில் வக்கீல். 1951-ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவை ஒரு நாள் எனக்குத் தமிழில் விளக்கினான். லஞ்சம் முதலில் வருகிறது. அடுத்ததே முறையற்ற செல்வாக்கு. இன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் தெய்வக் குற்றத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பதும் அதில் சேர்த்தி. டெல்லியில் உட்கார்ந்து எழுதினவர்கள் கற்பூரத் தாம்பாளத்தையும் நினைத்திருக்கிறார்கள்! சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் குற்றம் என்று சொன்னதால் மட்டும் அந்தப் பெண்ணின் பயம் போய்விடாது.

அவள் மனசில் உட்கார்ந்திருப்பது செஞ்சோற்றுக் கடன். நெல் விளையும் ஊரில் இதற்கு எடை அதிகம். பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கர்ணன்தான் பெரியவன். தான் நிற்கும் பக்கம் அநியாயம் என்று தெரிந்தும், கண்ணனே வந்து கூப்பிட்டும், சோறு போட்டவனை விட்டு வரவில்லை. அவன் பெரியவன் என்றால், ஐந்நூறுக்கு விசுவாசமாக இருக்கிற இவள் மட்டும் எப்படித் தப்பாவாள்?

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தது, கர்ணனின் பிறப்பைச் சொல்லிச் சபையே சிரித்த நேரத்தில். பதிலுக்குக் கேட்டது சிநேகம் ஒன்றுதான். கர்ணன் திருப்பிக் கொடுத்ததோ சொந்த உயிர். அது அவனுடையது, கொடுக்கலாம். ஓட்டு அப்படி இல்லை. அவள் அழுத்துகிற பொத்தானில் எங்கள் வாய்க்காலுக்கு வருகிற தண்ணீரும், ரேஷன் கடை அரிசியும், அடுத்த தெருப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. தன் கடனை அடைக்க ஊரார் பங்கை எடுத்துக் கொடுக்கிற உரிமை அவளுக்கு ஏது? இன்னொன்றும் உண்டு. ராமாயணத்தில் கும்பகர்ணன் அண்ணன் போட்ட சோற்றுக்காகச் செத்தான். அதே சோற்றைத் தின்ற விபீஷணன் எழுந்து எதிர்ப்பக்கம் போனான். அவனைத் துரோகி என்றா சொன்னோம்? விபீஷணாழ்வான் என்று கும்பிடுகிறார்கள்.

அப்புறம், இது யார் போட்ட சோறு? சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது. பூதலூர் சேர்ந்திருக்கிற திருவையாறு தொகுதியில் வாக்காளர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். அதில் ஒரு லட்சம் பேருக்கு ஐந்நூறு என்று வைத்தாலே 5 கோடி. அதை அள்ளி இறைக்கிறவன் எங்கிருந்து எடுத்தான், எங்கே திருப்பி எடுப்பான் என்பது டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற எவருக்கும் தெரிந்த கணக்கு. நம் காசில் முன்பணம் கொடுத்துவிட்டு நம்மையே கடன்காரர் ஆக்குகிறான்.

பக்கத்துத் தஞ்சாவூர் தொகுதியில் 2016 மே 16-ல் நடக்க வேண்டிய ஓட்டுப் பதிவை, பண விநியோகத்தைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் தள்ளிவைத்து, பிறகு அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. அரவக்குறிச்சிக்கும் அதே கதி. நவம்பர் 19-ல் மறுபடி நடந்தது. அதே கட்சிகள்தான் நின்றன.

அந்தக் காலத்தில் எல்லாம் சுத்தம் என்று பேசுவதும் எனக்குப் பிடிக்காது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலையை எல்லாரும் மெச்சுகிறார்கள். 919, 921-ஆம் வருடத்துக் கல்வெட்டுகள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரர்களும் நிற்கக் கூடாது என்பது இன்றைக்கும் வேண்டிய விதி. குடத்துக்குள் கை விட்டு ஓலை எடுப்பது ஒரு சின்னப் பையன், நான் பூக்கட்டிப் பார்க்கும்போது பொட்டலம் எடுக்கிற பிள்ளை மாதிரி; அவனை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் அது பிராமணர்களின் சபை. குடத்தில் பெயர் விழ வேதம் தெரிய வேண்டும், கால் வேலி நிலம் வேண்டும். கால் வேலி என்றால் ஐந்து மா. எனக்கு இருப்பது மூன்று மா. அந்தப் பெண்ணுக்கு அதுவும் கிடையாது. 1952-ல்தான் எங்களைப் போன்றவர்கள் ஓட்டுச் சாவடி வாசலையே மிதித்தது. மிராசுதார் அனுப்பின மாட்டு வண்டியில் என் பாட்டி போனாளாம். வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்திருந்த காலம். எந்தப் பெட்டி என்று வண்டிக்காரனே சொல்லிவிட்டான். காசு கிடையாது, கற்பூரமும் கிடையாது, பயம் போதுமானதாக இருந்தது. அதைப் பார்த்தால் இன்றைக்கு விலையாவது கொடுக்கிறார்கள் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

அன்றைக்கு நான் பூக்கட்டிப் பார்க்கவில்லை. "கேக்க உரிமை இல்லாதத அவன் கேட்டான். அந்தச் சத்தியம் அய்யனார் கணக்குல ஏறாது. பேரன் தலையில கை வெச்சதுக்கு மட்டும் ஒரு தேங்கா உடைச்சு மன்னிப்புக் கேட்டுக்க" என்றேன். காசை வாங்கிக்கொண்டு ஓட்டை எங்களுக்குப் போடுங்கள் என்று மேடையில் சொல்கிறார்களே, அதை நான் சொல்லவில்லை. அவளுக்கு இருக்கிற சொத்து அவள் வாக்கு. அதை நம்பித்தான் அறுப்புவரை கடை பாக்கி நிற்கிறது. வாய்ச் சொல் ஒன்றுமில்லை என்று அவளுக்குப் பழக்கிவிட்டால் நஷ்டம் அவளுக்குத்தான்.

"அப்ப இந்தக் காச உண்டியல்ல போட்டுடவா?"

"வேணாம். சாமி வாங்கினா சாமியும் யாருக்காவது போட்டாகணும்ல" என்றேன். சிரித்துவிட்டாள். யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

சாமி வாங்காமல் இல்லை என்பது வேறு கதை. கோயில் முன்னால் நிற்கிற தகரக் கொட்டகை ஒரு தேர்தல் சமயத்தில் வந்தது. அதற்கடுத்த தேர்தலில் மைக் செட். ஐந்நூறு வாங்கினவள் தேங்காயோடு வந்தாள். கொட்டகை வாங்கின கமிட்டியிலிருந்து யாரும் என்னிடம் பரிகாரம் கேட்டு வந்ததில்லை. ஊருக்காக வாங்குவது வேறு என்கிறார் பொருளாளர், மழைக்கு ஒதுங்கும்போது உனக்கு மட்டும் கொட்டகை வேண்டாமா என்கிறார். கும்பாபிஷேகத்துக்குத் தரை ஓடு பதிக்க அடுத்த வேட்பாளரைக் கேட்கலாம் என்று பேச்சு நடக்கிறது. கூட்டத்தில் நான் வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறேன். பொருளாளர் என் மாமன் மகன்தான், நன்றாகத் திட்டுவார்.