சுவரில்லாத வீடு

நாடகத்தில் வீடு ஓர் உருவகமானது மேலைநாட்டு அரங்கோடு வந்த வழக்கம் என்பார்கள். பாதி சரி. இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) நாடகத்தில் நோரா சாத்திவிட்டுப் போகும் கதவின் சத்தத்தில்தான், அந்த வீடு ஒரு கூண்டு என்பது உறைக்கிறது. அதற்குச் சுவர் வேண்டும், கதவு வேண்டும். விழுப்புரம் வட்டாரத் தெருக்கூத்தில் இரண்டுமே கிடையாது. இரண்டு பேர் பிடிக்கும் ஒரு திரை, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். ஆனாலும் பாஞ்சாலியைத் துச்சாதனன் இழுத்து வரும்போது அந்த வெறுங்களத்தில் ஒரு வீடு எழுந்துவிடுகிறது. அது அரண்மனைச் சபைதானே, வீடு எப்படி ஆகும் என்று கேட்கலாம். அங்கே உட்கார்ந்திருப்பது யார்? பெரிய மாமனார், பாட்டனார், கொழுந்தன்மார். அவளுக்கு அது புகுந்த வீடு. வாய் திறக்காத பெரியவர்களே அதன் சுவர்கள்.

யாழ்ப்பாணத்துக் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘எந்தையும் தாயும்’ நாடகம் நோராவின் கதவைத் திருப்பிப் போடுகிறது. போரில் பிள்ளைகள் வெளிநாடு போய்விட, பெற்றோர் வீட்டோடு மிஞ்சுகிறார்கள். இங்கே விட்டுப் போனவர்களைவிட, போக முடியாமல் இருப்பவர்களே வீட்டுக்குப் பொருள் தருகிறார்கள். உறவுதான் மேடையில் வீட்டைக் கட்டுகிறது என்பதற்குக் கூத்தும் இதுவும் போதும். சென்னை சபா நாடகங்களில் சோபா, டெலிபோன், மாடிப்படி எல்லாம் இருந்தன. உருவகமாக நின்ற வீடுகள் குறைவு.