மறைத்தலும் அருளே

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு உரைக்கும் ஐந்தொழில்களுள் படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்னும் நான்கையும் மனம் எளிதில் ஏற்கிறது. மறைத்தல் என்னும் ஒன்றில்தான் தயங்கி நிற்கிறது. கருணையே வடிவான பதி, தன்னை நாடும் உயிருக்குத் தன்னை ஏன் ஒளிக்க வேண்டும்? கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் எடுப்பவனுக்கு இவ்வினா வெறும் நூல் வினாவாக நின்றுவிடுவதில்லை. லென்ஸின் முன் பூட்டும் வண்ண ஃபில்டரின் வடிவில் அது கைக்கே வந்து சேர்கிறது.

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் பிடித்த காலத்தில், ரசாயனப் பூச்சு நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தமையால், வானம் வெறும் வெண்மையாய்ப் பதிந்தது. மேகங்களை அவர் நெகட்டிவின்மீது தூரிகையால் தீட்டிச் சேர்த்ததுண்டு. ஒளியின் மிகுதியே அங்கு மேகத்தை மறைத்தது. எல்லா நிறங்களையும் உணரும் ஃபிலிம் வந்த பின்னர், மஞ்சள் ஃபில்டர் நீலத்தில் ஒரு பங்கைத் தடுத்து மேகத்தை மீட்டுத் தந்தது. சிவப்போ நீலத்தையும் பச்சையையும் பெரும்பாலும் விலக்கி, இருண்ட வானத்தின்மேல் கோபுரத்தை எழுப்பி நிறுத்தியது. மஞ்சளுக்கு ஏறத்தாழ இரு மடங்கும் சிவப்புக்கு எட்டு மடங்கும் ஒளியைக் கூட்டிக் கொடுப்பதே அதற்குரிய விலை.

சீர்காழியைச் சூழ்ந்த நெல்வயலை அகச்சிவப்பு ஃபிலிமில் எடுக்க முனைபவன் இன்னும் ஒரு படி செல்கிறான். 720 நானோமீட்டர் ஃபில்டர் கண்ணுக்கு ஏறக்குறையக் கரிய கண்ணாடியே. பூட்டியபின், லென்ஸின் வழியே பார்க்கும் வியூஃபைண்டரில் காட்சி தெரியாது. ஆதலின் முக்காலியில் கேமராவை நிறுத்திக் காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்த தூரத்தை லென்ஸ் வளையத்தின் சிவப்புக் குறிக்கு மாற்றிய பின்னரே அதைப் பூட்ட வேண்டும். அவ்விருளின் வழியே பயிர் வெண்மையாய்ப் பதிகிறது. வாய்க்கால் நீர் கறுக்கிறது. இலைகள் அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி வீசுவதே பயிரின் வெண்மைக்குக் காரணம். இயற்பியலறிஞர் ராபர்ட் வுட் 1910-இல் இத்தகைய படங்களை வெளியிட்டார். அவ்வெண்மை பொய்யன்று, வயலில் என்றும் உள்ளது, நம் கண்ணுக்கு எட்டாதது.

அதே சீர்காழியின் பிரம தீர்த்தக் கரையில் மூன்று வயதுச் சம்பந்தர் அம்மையப்பரைக் கண்டு அம்மை ஊட்டிய பாலை உண்டபோது, தந்தையார் சிவபாத இருதயர் கண்டது குழந்தையின் வாயில் வழிந்த பாலை மட்டுமே என்று பெரிய புராணம் கூறும். கரையும் ஒன்று, பகலும் ஒன்று. வேற்றுமை பக்குவத்தில் இருந்தது. அப்பக்குவத்தை விளைவிப்பதே திரோதானம் எனப்படும் மறைத்தல். அது பதியை மறைத்து உயிரை உலகனுபவத்தில் செலுத்தி, உயிரின் அழுக்காகிய மலம் பரிபாகம் எய்தியவிடத்துத் தானே அருட்சக்தியாய் நிற்கும் என்பர் ஆசாரியர். ஃபில்டரைத் தேர்பவன் தனக்கு வேண்டியதையே தேர்கிறான். திரோதானத்தைச் செலுத்துபவனோ உயிருக்கு வேண்டியதை அறிந்தவன். மறைந்ததை எண்ணி ஏங்கும் உயிர், இம்மறைப்பினால் இன்று தனக்குக் காட்டப்படுவது யாது என்று வினவத் தொடங்குமாயின், அவ்வினாவும் அவன் அருளின் வேலையே.