கொலைஞனுக்கும் நட்டஈடா?

"கொலைகாரனுக்கும் நட்டஈடா, சேர்?" என்று கல்முனை வகுப்பறையில் மாணவனொருவன் சினந்து வினவினான். கொலையுண்டவன் வீட்டாருக்கு யார் ஈடு செய்வார் என்ற கேள்வி அச்சினத்தின் அடியில் இருந்தது, நேர்மையான கேள்விதான். ஆனால் அதற்கு விடை கைதியின் முறிந்த எலும்பிலா கிடைக்கும்?

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் சித்திரவதையை விலக்கும் 11 ஆம் உறுப்புரை நல்லவன், தீயவன் எனப் பிரிக்கவில்லை. மனுதாரர் கொடுங்குற்றவாளியாகவே இருப்பினும் அக்காப்பு அவர்க்குண்டு என 1987 இல் உயர் நீதிமன்ற நீதியரசர் அத்துக்கோரள தீர்ப்பெழுதினார். நட்டஈடு, அரசு தன் குற்றத்துக்குச் செலுத்தும் கடன். கைதியின் தண்டனை அதனால் ஒருநாளும் குறையாது.

தீயவன் யாரென முடிவுசெய்வதும் தடி பிடித்த கையே அன்றோ! 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளும் பயங்கரவாதிகள் எனப்பட்டோரே. அவர்களிற் பலர் தீர்ப்பே பெறாதவர்.

உரிமை மீறலுக்கு ஒரு மாதத்துள் மனுச்செய்ய வேண்டும் என்றது 126 ஆம் உறுப்புரை. அம்மாதத்தையும் கைதி, தன்னை அடித்தவரின் காவலிலேயே கழிக்கிறான்.