முதலில் வந்தவர்க்கே இடமா?

உத்ஸவ காலங்களில் திருக்கோயிலுக்கு யாத்திரையாக வரும் அன்பர்கள் இரவில் மண்டபங்களிலும் சத்திரங்களிலும் தங்குவது தொன்றுதொட்ட வழக்கம். முதலில் வந்தவர் தூணோரமாகத் துண்டை விரித்துவிடுகிறார். பின்னால் வந்தவர் தோளில் மூட்டையோடு நிற்கிறார். "இங்கே ஆள் இருக்கிறது" என்ற ஒரு சொல்லோடு விவகாரம் முடிந்துவிடுகிறது. முந்தி வந்தமையால் ஒருவருக்கு அவ்விடத்தில் உரிமை உண்டாகிறதா? உலக நியாயம் 'உண்டு' என்றே கூறும். வைஷ்ணவ தர்மம் யாது கூறும் என்பது சிந்திக்கத்தக்கது.

பெண்ணையாற்றின் தென்கரையில் உள்ள திவ்யதேசம் திருக்கோவலூர். காஞ்சியில் அவதரித்த பொய்கையாழ்வாரும், கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வாரும், மயிலையில் அவதரித்த பேயாழ்வாரும் முதன்முதலாகச் சந்தித்தது அவ்வூரில்தான் என்று குருபரம்பரை கூறும். அதற்கு முன் மூவரும் ஒருவரையொருவர் கண்டறியாதவர்கள். ஓரிரவு, பெருமழை, காரிருள். பொய்கையார் ஓர் ஆசிரமத்தின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். இடைகழியாவது வாயிலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய நடை. ரேழி என்றும் சொல்வர். பூதத்தார் வந்து இடமுண்டோ என்று வினவினார். ஒருவர் படுக்குமிடத்தில் இருவர் அமரலாம் என்று கூறிப் பொய்கையார் எழுந்து உட்கார்ந்தார். சிறிது பொழுதில் பேயாரும் வந்தார். இருவர் அமருமிடத்தில் மூவர் நிற்கலாம் என்று சொல்லி, இருந்த இருவரும் எழுந்து நின்றனர்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. 'இடம் தாராளமாக இருக்கிறது' என்று அவர்கள் உபசாரமாகப் பேசவில்லை. உள்ள அளவை உள்ளபடியே சொன்னார்கள். இடைகழி விரியவில்லை, அதில் இருந்தவர்கள் தம்மைக் குறுக்கிக்கொண்டார்கள். மிகுந்திருப்பதைக் கொடுப்பது எளிது. போதாததைப் பகிர்ந்துகொள்வதே அரிய தானம்.

'அப்படியானால் பிணியாளரும் முதியவரும்கூட எழுந்து நிற்கவேண்டுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. தளர்ந்த உடம்பை எழுப்பி நிறுத்துவது தர்மமாகாது. அங்கே எழவேண்டியவர் அருகிலுள்ள திடகாத்திரரே. மேலும், பின்னால் வந்த ஆழ்வார் அதிகாரமாக இடம் கேட்கவில்லை. உண்டோ என்றுதான் வினவினார். முந்தியவர் தம் உரிமையைப் பேசவில்லை, பிந்தியவரும் பேசவில்லை. இருவரும் உரிமையை விட்ட இடத்தில் உறவு பிறந்தது.

உண்மையில் இடம் எவருடையது? கல்குளம் என்று வழங்கிய ஊர் பத்மநாபபுரம் என்று பெயர் பெற்றது மார்த்தாண்டவர்ம மகாராஜா காலத்தில். அவர் 1750-ஆம் ஆண்டில் தம் ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீபத்மநாபஸ்வாமியின் திருவடிகளில் ஸமர்ப்பித்து, பத்மநாபதாஸராக இருந்தே பின்பு ஆட்சி புரிந்தார். நாட்டையே தமதன்று என்று ஓர் அரசர் விட்ட மண்ணில், துண்டு விரித்த அகலத்தை 'எனது' என்று ஒருவர் காத்து நிற்பது எங்ஙனம் பொருந்தும்? அவ்விடமும் எம்பெருமானுடையதே. முந்தி வந்தவர் அதற்குக் காவலரே அன்றி உடையவர் அல்லர்.

ஆறு சூழ்ந்த திருவட்டாற்றில், 418 ஆண்டுகளுக்குப் பின் 2022-ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று ஆதிகேசவப் பெருமாளுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. திரண்டு வந்த அடியார்கள் நெருங்கி நின்றே ஸேவித்தனர். ஒவ்வொருவரும் சற்றே ஒதுங்கினால்தான் இன்னொருவருக்கு அப்படிப்பட்ட ஸேவை வாய்க்கும்.

இடைகழியில் மூவர் நின்றபின், நான்காமவர் ஒருவர் நெருக்குவதை அவர்கள் உணர்ந்தார்கள். வந்தவர் எம்பெருமானே. இரண்டடியில் உலகனைத்தையும் அளந்து, மூன்றாமடிக்கு இடம் போதாமல் நின்ற திரிவிக்கிரமன், மூவருக்கே போதாத நடையில் தனக்கு இடமுண்டென்று புகுந்தான். அதனாலேயே அவனுக்குத் தேகளீசன், அதாவது இடைகழிக்கு ஈசன், என்று திருநாமம். ஸ்வாமி தேசிகன் அருளிய தேகளீச ஸ்துதி அப்பெருமானைப் பற்றியதே. ஆழ்வார்கள் மூவரும் பாடிய, நூறு நூறு பாசுரங்கள் கொண்ட மூன்று திருவந்தாதிகளும் அந்த நெருக்கத்தின் பயன்.

பொய்கையார் காலை நீட்டிப் படுத்திருந்தபோது அவன் வரவில்லை. இருவர் சாவகாசமாக அமர்ந்திருந்தபோதும் வரவில்லை. இடமே இல்லாதபோது வந்தான். ஆகவே, இன்றிரவு மூட்டையோடு ஒருவர் வந்து நின்றால், விரித்த துண்டைச் சிறிது மடித்துக்கொள்வது உத்தமம். அவருக்குப் பின்னால் வருகிறவர் யார் என்று எவரால் சொல்ல முடியும்?